சென்சரைக் கழட்டினா பெட்ரோல் மிச்சமாம்!

பூண்டுலோயா டவுன்ல ரெண்டு த்ரீவீல் பக்கத்துல பக்கத்துல நின்னா போதும், இன்ஜின் மாநாடு தொடங்கிரும். சமீபத்துல அங்க ஏகமனதா நிறைவேறின தீர்மானம் இது: "ஆக்ஸிஜன் சென்சரைக் கழட்டி வீசிட்டா பெட்ரோல் மிச்சம். வெள்ளைக்காரன் அவன் ஊருப் புகைக்காக மாட்டின சாமான் அது. நமக்கு எதுக்கு?"

(இதைச் சொன்னவர்கிட்ட இருக்கிறது டீசல் வேன். போகட்டும்.)

கேட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தர் நெசமாவே கழட்டிட்டார். "வண்டி முன்னைக்கு இப்ப நல்லா இழுக்குது"ன்னு சந்தோஷமா வேற சொல்றார். எரிச்சல் வர்றது இங்கதான். அவர் பொய் சொல்லல. வண்டி கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். ஆனா அந்த இழுவை அவரோட பர்ஸ்ல இருந்து வருது. அது எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

பெட்ரோல் முழுசா எரியணும்னா ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில 14.7 பங்கு காத்து வேணும். அந்தக் கணக்கு சரியா அமைஞ்சா லாம்டா 1. பெட்ரோல் கூடினா 1-க்குக் கீழ, அதுக்குப் பேர் ரிச். காத்து கூடினா 1-க்கு மேல, அது லீன். கம்பெனி சென்சரோட வேலை, புகையில மிச்சம் இருக்கிற ஆக்ஸிஜனைப் பாத்து 'ரிச்', 'லீன்'னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்றது. கம்ப்யூட்டர் அதைக் கேட்டுக்கேட்டு 14.7 பக்கத்துலயே பிடிச்சு வச்சிருக்கும். சென்சரைக் கழட்டினா அதுக்கு காது போயிருச்சு. எதுக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்னு மனப்பாடம் பண்ணி வச்ச கணக்குப்படி பெட்ரோலை விடும். அது பெரும்பாலும் ரிச் பக்கமா இருக்கும். இன்ஜினுக்கு ஆகக்கூடிய பவர் கிடைக்கிறது 12.5, 13 கிட்டத்தானே? அதனால மிதிச்சா இழுக்கத்தான் செய்யும். மனுசன் அதைப் பாத்துட்டு மிச்சம்னு நெனைக்கிறார். டேங்க் வேற கதை சொல்லும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிற வண்டின்னா எரியாத பெட்ரோல் அதுக்குள்ள போய் எரிஞ்சு அதையும் கெடுத்துரும்.

பெட்ரோல் மிச்சம்கிற பேச்சு நம்ம ஊர்ல ஏன் இவ்வளவு சூடா இருக்குன்னு புரியாம இல்ல. இலங்கையில 2022-ஐ யாரு மறப்பா? அந்த ஜூன் கடைசியில 92 பெட்ரோல் ஒரு லிட்டர் 470 ரூபாய். அப்புறம் கியூ.ஆர். கோட். கிழமைக்கு காருக்கு 20 லிட்டர், த்ரீவீலுக்கு 5, பைக்குக்கு 4. அதுக்கு முன்னாடியே, 2020 மார்ச்சுல, வாகன இறக்குமதியை நிறுத்திட்டாங்க. மறுபடி தொறந்தது 2025-ல. இடையில அஞ்சு வருஷம் பழைய வண்டிதான் வண்டி. மாருதி 800-ஐ வச்சிருக்கிறவங்க அதைப் பவுன் மாதிரி பொத்திப் பொத்தி வச்சாங்க. அந்தக் காலத்துல சூடு பிடிச்ச "மிச்சம் பிடிக்கிற வித்தை"ங்கதான் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. காபரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டை ஈயம் வச்சு அடைக்கிறது, காந்தத்தைக் கட்டுறது. இப்ப சென்சரைக் கழட்டுறது.

இதுல எது மிச்சம், எது நட்டம்னு வாயால பேசித் தீர்க்க முடியாது. அளக்கணும். அதுக்குத்தான் வைட்பேண்ட் சென்சர்.

பேரைக் கேட்டு மிரளாதீங்க. கொழுந்து நிறுக்கிற இடத்தை நெனைச்சுக்கங்க. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய நோம் 18 கிலோன்னு வைப்போம். அங்க ஒரு தராசு இருக்கு. அது 'நோம் தாண்டிருச்சு', 'தாண்டல' ரெண்டை மட்டும்தான் சொல்லும். பதினேழரையா, ஆறா, முப்பதான்னு சொல்லாது. அதை நம்பி பேர் போட்டா மலையில என்ன சண்டை வரும்? அந்தத் தராசுதான் பழைய சென்சர், நேரோபேண்ட். கிலோவை கிலோவாக் காட்டுறது வைட்பேண்ட்.

ரெண்டுக்குள்ளயும் இருக்கிறது ஒரே சரக்குதான். சிர்கோனியாங்கிற பீங்கான். சூடாச்சுன்னா ஆக்ஸிஜன் அயன் அது வழியாப் போகும். வால்டர் நெர்ன்ஸ்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1897-லயே இந்தச் சரக்கை வச்சு விளக்கு எரிச்சுக் காட்டினார். (விளக்கு ஓடல. சரக்கு ஓடிக்கிட்டே இருக்கு.) பீங்கானுக்கு ஒரு பக்கம் வெளிக்காத்து, மறுபக்கம் புகை. ரெண்டு பக்கமும் ஆக்ஸிஜன் வித்தியாசப்பட்டா கொஞ்சம் வோல்ட் வரும். ரிச்னா 0.8, 0.9 வோல்ட். லீன்னா 0.1. நடுவுல 0.45-ல சடக்குனு தாவும். போஷ் கம்பெனி இதை லாம்டா சென்சர்னு 1976-ல வொல்வோ கார்ல கொண்டாந்துச்சு. 14.7-ஐ மட்டும் பிடிச்சு நிக்க இது போதும். 12.6-ஆ 11.2-ஆன்னு கேட்டா முழிக்கும்.

வைட்பேண்ட்ல கூடுதலா ஒரு பம்ப் இருக்கு. நிசமான பம்ப் இல்ல, அதுவும் பீங்கான்தான். உள்ள ஒரு துக்குணி அறை. புகை அதுக்குள்ள கசிஞ்சு வரும். அறைக்குள்ள எப்பவும் லாம்டா 1-ஆவே இருக்கிற மாதிரி, ஆக்ஸிஜன் கூடினா கரண்ட் குடுத்து வெளிய தள்ளும், குறைஞ்சா உள்ள இழுக்கும். எவ்வளவு கரண்ட் செலவாச்சோ அதுதான் ரீடிங். ஒரு பக்கம் பாஞ்சா லீன், மறுபக்கம் பாஞ்சா ரிச், கரண்டே இல்லைன்னா சரியா 1. இதுக்காக பீங்கானை 750, 780 டிகிரி சூட்டுலயே வச்சிருக்கணும். அதனாலதான் இதுக்குன்னு தனி கன்ட்ரோலர். வயரும் கூட. 1992-ல ஹோண்டா சிவிக் வி.எக்ஸ். கார்ல என்.டி.கே. சென்சரா வந்துச்சு, பின்னால போஷ் எல்.எஸ்.யு. வந்துச்சு. இன்னைக்கு டியூனிங் கிட்டுகள்ல கூடுதலா மாட்டுறது எல்.எஸ்.யு. 4.9.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைன்ல வட்டமா ஒரு கேஜ் விக்கிறாங்க. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு லைட் ஓடும். 'ஏர் ஃபியூல் ரேஷியோ'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். அதுல பாதி வெறும் நேரோபேண்ட் கேஜ். சென்சர் இயல்பாவே ரிச்-லீன் ரிச்-லீன்னு தாவுறதால லைட்டும் அங்கயும் இங்கயும் ஓடும். கார்த்திகை தீபத்துக்கு வாசல்ல மாட்டலாம். டியூனிங்குக்கு ஆகாது.

சரி, வைட்பேண்ட் கொழும்புல இருக்கிறவங்களுக்கு ஒரு ஆசைச் சாமான். மலையில இருக்கிற நமக்கு அவசியச் சாமான். ஏன்?

நம்ம ரோடு மாதிரி காத்தும் மேடு பள்ளமாத்தான் இருக்கு. கொழும்பு கடல் மட்டம். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீட்டர். நானுஓயா ஸ்டேஷன் 1,600-ஐத் தாண்டிருச்சு. நுவரெலியா 1,868. பூண்டுலோயா டவுன்ல நின்னா ஒரு உயரம், டன்சினன் பக்கம் ஏறினா வேற உயரம். நுவரெலியாவுல காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட அஞ்சுல ஒரு பங்கு குறைவு. குளிர் காத்து கொஞ்சம் அடர்த்தியா இருக்கிறதால அதுல ஒரு சின்ன பங்கு திரும்பக் கிடைக்கும். கொழும்பு வெயில்ல 30 டிகிரி, மேல 16 டிகிரின்னு வச்சுக் கணக்குப் பாத்தா, ஒரு லிட்டர் காத்துல சரக்கு ஏறத்தாழ 16 சதவீதம் குறைவா இருக்கும்.

காபரேட்டருக்கு இது தெரியாது. பாவம், அதுக்குக் கண்ணு மூக்கு கிடையாது. தொண்டையில காத்து ஓடுறப்ப வர்ற உறிஞ்சலை வச்சுத்தான் பெட்ரோலை விடும். காத்தோட அடர்த்தி குறைஞ்சா உறிஞ்சலும் குறையும், ஆனா பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது. வர்க்கமூலக் கணக்குல, பாதி அளவுக்குத்தான் குறையும். விளைவு: கொழும்புல 13-க்கு வச்ச காபரேட்டர் தலவாக்கலையில பன்னெண்டேகால் கிட்ட வரும். நுவரெலியாவுல 12-க்கும் கீழ. ஏப்ரல் சீசனுக்கு கொழும்புல இருந்து வர்ற பழைய கார்கள் ரம்பொடை ஏத்தத்துல கறுப்பாப் புகைவிட்டு மூச்சு வாங்குறது இதனாலதான். கீழ அது தங்கமான வண்டி. யாரும் ஏமாத்தல.

இன்ஜெக்‌ஷன் வண்டிங்க தப்பிச்சுரும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் விடும், சென்சர் பாத்து மிச்சத்தைத் திருத்தும். (கழட்டாம இருந்தா!) ஆனா ரேஸுக்குன்னு கம்ப்யூட்டர் மாத்தி, த்ராட்டில் எவ்வளவு தொறந்திருக்குன்னு மட்டும் பாத்து பெட்ரோல் விடுற மாதிரி செட் பண்ணி, வெளிக்காத்தழுத்தத் திருத்தம் போடாம விட்ட வண்டிங்க மாட்டிக்கும்.

நம்ம நுவரெலியா மாவட்டத்துல இது ஒண்ணும் வெறும் பேச்சு இல்ல. மகாகஸ்தோட்டை ஹில் க்ளைம்ப் 1934-ல தொடங்கினது. நாட்டுலயே ரொம்பப் பழைய மோட்டார் பந்தயங்கள்ல ஒண்ணு. ராதெல்லவுலயும் ஹில் க்ளைம்ப் இருக்கு. தேயிலைக்கு நடுவுல நெளிஞ்சு போற ஒத்தை ரோடு, ஒவ்வொரு வண்டியாத் தனியா ஏறணும், நேரத்தைப் பாத்து ஜெயிப்பு. முன்னாடி போறவனை முந்துறதுக்கெல்லாம் அங்க இடமில்ல, எதிரி கடிகாரம் மட்டும்தான். மினி கூப்பர் தொட்டு லான்சர் வரைக்கும் ஏறியிருக்கு. இந்த மாதிரி இடத்துல கொழும்புல பவர் அளக்கிற டைனோ மிஷின்ல 12.8-னு பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சாலும் பிரயோசனமில்ல. ஏறுற ரோட்டுல என்ன நம்பர்ங்கிறதுதான் கேள்வி.

மினிக்காரங்களுக்கு இந்தக் கஷ்டம் பழகினது. எஸ்.யு. காபரேட்டர்ல கீழ ஒரு நட் இருக்கும், ஆறு பட்டை. மேல திருகினா ஜெட் ஏறி லீன், கீழ திருகினா ரிச். "நுவரெலியாவுக்கு வந்ததும் ரெண்டு பட்டை மேல"ன்னு பழைய கைகள் சொல்லும். அது ஐட்லிங்ல சரி. முழுசா மிதிச்சப்ப என்ன ஆகும்னு ஊசியோட வடிவம்தான் தீர்மானிக்கும், அதை நட் திருகிச் சரி பண்ண முடியாது. ஊசியையே மாத்தணும். எந்த ஊசின்னு தெரிய முன்னெல்லாம் ஓட்டிட்டு, டக்குனு இன்ஜினை நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டி, கலரைப் பாப்பாங்க. செங்கல் கலர்னா சரி, கறுப்புன்னா ரிச், வெளுத்தா லீன்.

இந்தப் பிளக் ஜோசியத்துக்கு ஒரு சிக்கல். அந்தச் செங்கல் கலர்ல ஒரு பங்கு பெட்ரோல்ல இருந்த ஈயத்தோட கைவண்ணம். 2002-ல இலங்கையில ஈயப் பெட்ரோல் நின்னுச்சு. அதோட பிளக் கலரும் பழைய மாதிரி பேசாமப் போச்சு. ஈயம் இந்தச் சென்சர்களுக்கு விஷம்கிறதையும் சேத்துப் பாத்தா, பழைய ஈயப் பெட்ரோல் காலத்துல மினிக்கு வைட்பேண்ட் மாட்டியிருந்தாலும் அது ரொம்ப நாள் உயிரோட இருந்திருக்காது.

இனி ஒரு மாருதி 800 கதை.

பூண்டுலோயாவுல டவுனுக்குக் கொஞ்சம் மேல ஒரு கராஜ். (பேர் வேணாம், பாஸுக்கு விளம்பரம் பிடிக்காது.) அவரோட அக்கா மகன் கொழும்புல வேலை. தீபாவளி லீவுக்கு வர்றப்ப ஒரு வைட்பேண்ட் கிட்டோட வந்துட்டான்.

"எவ்வளவு குடுத்த?"

"சொன்னா ஏசுவீங்க மாமா."

"அப்ப சொல்லாத."

கராஜ்ல நின்ன 800, மூணு சிலிண்டர், 796 சி.சி., காபரேட்டர் வண்டி. இதே இன்ஜினை வச்சுத்தான் 80-கள் கடைசியில கோயமுத்தூர் கரிவரதன் ஃபார்முலா மாருதி கார் செஞ்சார். நாராயண் கார்த்திகேயன் முதல்ல பந்தயம் ஓட்டினது அந்த ஃபார்முலா மாருதிதான். அதுக்கப்புறம் 2005-ல அவர் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். பூண்டுலோயா 800-க்கு அவ்வளவு ஆசையெல்லாம் இல்ல. செகண்ட் கியர்ல தலவாக்கலை ரோட்டு ஏத்தத்தை இருமாம ஏறினாப் போதும்.

முதல் வேலை வெல்டிங். சைலன்சர் பைப்ல ஓட்டை போட்டு, சென்சர் திருகுற நட் ஒண்ணை வைக்கணும். 18 மில்லிமீட்டர் த்ரெட். பாஸ் கை வசதிக்காகப் பைப்போட அடிப்பக்கம் பத்தவைக்கப் போனார். பையன் தடுத்தான்.

"மேல் பக்கம் வைங்க மாமா. கடிகாரத்துல பத்துக்கும் ரெண்டுக்கும் நடுவுல."

"ஏன், நேரம் பாக்கணுமா?"

நேரம் இல்ல, தண்ணி. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி வரும். குளிர்ல அது பைப்புக்குள்ள துளித்துளியாத் தேங்கும். மலையில காலைல ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல சொட்டுறதைப் பாத்திருப்பீங்களே, அதேதான். 780 டிகிரியில கொதிக்கிற பீங்கான் மேல ஒரு சொட்டு பட்டா 'டிக்'. முடிஞ்சுது. அதனால சென்சர் மேல் பக்கமா, கொஞ்சம் சாஞ்சு நிக்கணும். இன்ஜின் ஓடத் தொடங்கினதுக்குப் பிறகுதான் ஹீட்டருக்குக் கரண்ட் போகணும். அதுக்காக ஹீட்டருக்கு வயரே குடுக்காம சும்மா திருகி விட்டுட்டும் ஓட்டக்கூடாது. குளிர்ந்த சென்சர்ல கரி படிஞ்சு அடைச்சுக்கும். கேஸ்கெட்டுக்கு சிலிக்கன் பூசுற பழக்கம் இருந்தா அதையும் பாத்துப் பூசணும், சிலிக்கனும் சென்சருக்கு ஆகாது.

திருகுறதுக்கு முன்னாடி சென்சரை வெளிக்காத்துல பிடிச்சு ஒரு காலிப்ரேஷன். சில கன்ட்ரோலருக்கு இது வேணும், சிலதுக்கு சென்சர் சொக்கட்டுலயே ஒரு ரெசிஸ்டர் வச்சு விட்டிருப்பாங்க. இந்தக் கிட்டுக்கு வேணும். பையன் கொழும்புலயே பண்ணிட்டு வந்திருந்தான், மேல வந்து மறுபடி பண்ணான். அழுத்தம் குறைஞ்சா பம்ப் கரண்டும் கொஞ்சம் மாறும்கிறதால அது நல்ல பழக்கம். (லாம்டா 1 கிட்ட வித்தியாசம் வராது, அங்க கரண்டே பூஜ்யம்தானே. தூரம் போகப்போகத்தான் வரும்.)

ஸ்டார்ட் பண்ணாங்க. ஐட்லிங்ல 16.

பாஸ் சிரிச்சுட்டார். பிளக்கு மூணும் கரிக்கட்டை. பின்னால நின்னா கண்ணு எரியுது. மிஷின் என்னடான்னா லீன்கிறது. "இந்தா, என் மூக்கே பரவாயில்ல."

பையன் ஒண்ணும் பேசல. ஒரு பழந்துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில அமுக்கிப் பிடிச்சான். எங்கயோ 'புஸ்ஸ்'னு சத்தம். மேனிஃபோல்ட் சேர்ற இடத்துல கேஸ்கெட் தின்னு போயிருந்துச்சு. புகை ஒவ்வொரு தடவையும் துடிச்சுத் துடிச்சுப் போறப்ப நடுவுல அந்த ஓட்டை வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சென்சருக்கு எந்த ஆக்ஸிஜன் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது. இருக்கு, எண்ணிட்டேன்னு சொல்லும். ஒரு சிலிண்டர் மிஸ் அடிச்சாலும் இதே கூத்துதான்: எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளிய வந்து 'லீன்'னு காட்டும். மிஷினை மட்டும் நம்பி அந்த நேரம் பெட்ரோலைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்! மூக்கு சொன்னது சரி, மிஷின் சொன்னதும் சரி, நடுவுல பைப்தான் பொய் சொல்லுச்சு.

கேஸ்கெட் மாத்தினதும் ஐட்லிங் 11.5. ஏத்தத்துல முழுசா மிதிச்சா 10.8. இப்ப பாஸ் சிரிக்கல. காபரேட்டரைப் பிரிச்சா, யாரோ ஒரு புண்ணியவான் 'பவர்' வேணும்னு மெயின் ஜெட்டைத் துளைச்சு வச்சிருக்கார். துளை வட்டமாக்கூட இல்ல. அது போதாதுன்னு ஃப்ளோட்டும் உயரமா நின்னுச்சு.

ஃப்ளோட்டை அதோட அளவுக்குக் கொண்டுவந்து, துளைக்காத ஜெட் ஒண்ணைத் தேடிப் போட்டாங்க. ஏத்தத்துல 11.9. இது கீழ் ஊருக்குச் சரியான ஜெட், நமக்கு இன்னும் ரிச். அதுக்கு ஒரு நம்பர் சின்னது போட்டதும் 12.6. அங்கயே நிப்பாட்டினாங்க. இன்னும் சின்னது போட்டா சமதரையில இன்னும் மிச்சம் காட்டியிருக்கும், ஆனா முழுசா மிதிச்சு நீள ஏத்தம் ஏறுறப்ப லீனாப் போனா சூடு ஏறும், இன்ஜின் தட்டுற நாக் வரும், வால்வும் பிஸ்டனும் பதில் சொல்லணும். நம்ம ரோட்டுல நீள ஏத்தம்தான் பாதி வாழ்க்கை. அதனால ஏத்தத்துல பன்னெண்டரைக்கும் பதிமூணுக்கும் நடுவுல இருக்கட்டும், கொத்மலைப் பக்கம் சமமா ஓடுறப்ப 14.5, 15 இருக்கட்டும், ஐட்லிங்ல பதிமூணரை கிட்ட. காபரேட்டர்கிட்ட இதுக்கு மேல கேக்கிறது நியாயமில்ல.

ஓட்டிப் பாக்குறப்ப ரெண்டு விஷயம் பயமுறுத்துச்சு. கொண்டை ஊசி வளைவுல நம்பர் 12-ல இருந்து 14-க்கு ஓடி திரும்பி வருது. அது ஃப்ளோட் கிண்ணத்துல பெட்ரோல் ஒரு பக்கமா சாயுறது, வண்டியே சாஞ்சு நிக்கிறப்ப கிண்ணம் மட்டும் நேரா நிக்குமா? அதைத் துரத்தி ஜெட் மாத்தினா விடிஞ்சிரும். இன்னொண்ணு, அதே கிட்டைப் பையனோட கொழும்பு காருக்கு மாட்டி ரம்பொடை இறக்கத்துல விட்டப்ப. காலை எடுத்ததும் கேஜ் 22-னு காட்டி அப்புறம் வெறும் கோடு. பக்கத்துல இருந்த பாஸ், "வண்டி போச்சு"ன்னார். ஒண்ணும் போகல. இன்ஜெக்‌ஷன் வண்டி இறக்கத்துல பெட்ரோலையே நிப்பாட்டிரும். பைப்ல வர்றது வெறும் காத்து. சென்சர் பாத்ததைச் சொல்லுது.

இப்ப எல்லாரும் கேக்கிற கேள்வி: எவ்வளவு மிச்சம்? நம்பர் சொன்னா அது இந்த 800-க்கு மட்டும்தான். துளைச்ச ஜெட்டோட ஓடின வண்டிக்கு வித்தியாசம் பெருசாத் தெரியும், ஒழுங்கா இருந்த வண்டிக்கு ஒண்ணுமே தெரியாது. பவர்? காத்துல 16 சதவீதம் குறைஞ்சா அந்தப் பவர் குறைஞ்சதுதான், எந்த சென்சரும் திருப்பித் தராது. டர்போதான் தரும். ரிச்சா ஓடி இன்னும் வீணாக்கிட்டு இருந்ததை மட்டும்தான் வைட்பேண்ட் வச்சு மீட்கலாம். இன்னொரு ஆறுதல்: மெல்லிய காத்துல நாக் வர்றதும் குறைவு. அதனால பழைய 800-க்கு மேல இருக்கிறப்ப 95 அடிச்சு காசைக் கரைக்க வேண்டியதில்ல, 92 போதும்.

எமிஷன் டெஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. 2008-ல இருந்து வருஷா வருஷம் லைசன்ஸ் எடுக்கப் போனா அந்தச் சர்டிபிகேட் கேக்கிறாங்க. பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும்தான் முக்கியம். 10.8-ல ஓடுற வண்டி அதுல ரெண்டையும் கொட்டும். டெஸ்ட்டுக்கு முன்னாடி ஸ்க்ரூவைத் திருகி லீன் பண்ணி, டெஸ்ட் முடிஞ்சதும் திரும்பத் திருகுற வித்தை எல்லா ஊர்லயும் இருக்கு. அந்த ரெண்டு திருகலுக்கும் செலவாகிற நேரத்துல ஒரு ஜெட்டை ஒழுங்காப் போட்டிருக்கலாம்கிறது இந்தப் பதிவு எழுதுற ஆளோட தாழ்மையான எரிச்சல்.

இன்னும் மேல போகணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் வழி இருக்கு. 2001 வாக்குல பௌலிங், கிரிப்போன்னு ரெண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட்னு வீட்டுலயே சால்டர் பண்ணிக் கோக்கிற இன்ஜின் கம்ப்யூட்டரை விட்டாங்க. பிறகு ஆர்டுயினோ போர்டுல ஓடுற ஸ்பீடுயினோ வந்துச்சு. இதுங்களோட வைட்பேண்டைக் கோத்தா, லேப்டாப்பைப் பக்கத்து சீட்டுல வச்சு ஓட்ட ஓட்ட, எந்த ஆர்.பி.எம்.ல எந்த லோடுல எவ்வளவு பெட்ரோல்ங்கிற டேபிளை சாஃப்ட்வேரே திருத்தும். (ஓட்டுறவர் வேற, லேப்டாப் பாக்கிறவர் வேறயா இருக்கணும். நம்ம ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.) அது வசதி. ஆனா மேனிஃபோல்ட்ல லீக் இருந்தா அந்த சாஃப்ட்வேரும் அதே 16-ஐ நம்பி டேபிள் முழுக்கத் தப்பை எழுதி வைக்கும். பழந்துணி டெஸ்ட் முதல்ல.

அப்புறம் ஒண்ணு. வைட்பேண்ட் காட்டுற நம்பர் எல்லா சிலிண்டரும் கலந்த சராசரி. மூணுல ஒண்ணு லீனா இருந்து மத்த ரெண்டும் ரிச்சா இருந்தாலும் அழகா 12.7 காட்டும். அதனால பாஸ் இன்னும் பிளக்கைக் கழட்டிப் பாக்கிறார். கலருக்காக இல்ல, மூணும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்க. பையனுக்கு முதல்ல அது பிடிக்கல. இப்ப அவனும் பாக்கிறான்.

வேகன் ஆர், அக்வா மாதிரி புது வண்டிக்காரங்க இதைப் படிச்சிட்டு வெல்டிங் கடைக்கு ஓடாதீங்க. உங்க வண்டிக்குத் தேவையான சென்சரைக் கம்பெனியே வச்சு விட்டிருக்கு. அதைக் கழட்டாம இருக்கிறதுதான் உங்களுக்கான டியூனிங். செக் இன்ஜின் லைட் வந்தா ஸ்கேனர் வச்சுப் பாருங்க. லைட் பல்பைப் பிடுங்காதீங்க. (பிடுங்கினவர் இருக்கார். வேற யாரு, அந்த மாநாட்டு ஆளுங்கள்ல ஒருத்தர்தான்.)

பழைய வண்டிக்காரங்க ஆளுக்கொரு கிட் வாங்கவும் வேணாம். டவுனுக்கு ஒரு கிட் தாராளம். டியூன் முடிஞ்சதும் சென்சரைக் கழட்டி அடுத்த வண்டிக்கு மாட்டலாம். உங்க பைப்ல வெல்டு பண்ணின ஓட்டைக்கு ஒரு போல்ட் போட்டு மூடிக்கங்க. அந்த போல்ட் த்ரெட்டுல சூடு தாங்குற காப்பர் கிரீஸ் கொஞ்சம் தடவிட்டுத் திருகுங்க, இல்லாட்டி அடுத்த வருஷம் கழட்டுறப்ப த்ரெட்டும் சேந்து வந்துரும்.